மறதி நோயாளியைப் பராமரிப்பவர் தன் மனத்தைக் காத்துக்கொள்வது எப்படி

எங்கள் ஊரில் இந்த நோய்க்கு நெடுங்காலமாகவே ஒரு சொல் உண்டு. "ஆச்சிக்கு அறளை பெயர்ந்திட்டுது" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். அந்த ஆச்சியைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஊட்டி, சாமத்தில் மூன்று தரம் எழும்பிப் பார்க்கும் மகளைப் பற்றியோ மருமகளைப் பற்றியோ அந்தப் பேச்சில் ஒன்றும் வராது. என் தாயார் அல்சைமர் நோயுடன் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அதில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டில் என் பராமரிப்பில் கழிந்தது. நோயாளிக்கு எதைச் சாப்பிடக் கொடுப்பது, எப்படி நடக்க வைப்பது என்று சொல்லித்தர ஆட்கள் கிடைத்தார்கள். எனக்குள் என்ன நடக்கிறது, அதை என்ன செய்வது என்று சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. அப்போது எனக்குத் தேவைப்பட்டவற்றை, இப்போது அந்த இடத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இது நோய் என்பதை வீடு முழுவதும் அறிய வேண்டும்

முதல் இரண்டு ஆண்டுகளும் அம்மாவைப் பிடிவாதக்காரி என்றே நினைத்தோம். ஒரே கேள்வியை ஒன்பது தரம் கேட்டபோது வேண்டுமென்றே கேட்கிறார் என்று எரிந்து விழுந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளின் பேச்சுகள்தான் இன்றைக்கும் என்னைக் குத்துகின்றன. ஆகவே மனத்தைக் காக்கும் முதல் வேலை, காலம் தாழ்த்தாமல் வைத்தியரிடம் போவதுதான். விற்றமின் பி12 குறைபாடு, தைரொயிட் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அவை இல்லை என்று தெரிந்து, அல்சைமர் என்று உறுதியானால், மூளையில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி தொடக்கத்திலேயே சேதமடைகிறது என்பதை வீட்டில் எல்லோருக்கும் விளங்கப்படுத்துங்கள். காலையில் சாப்பிட்டது அந்த மூளையில் பதியவே இல்லை. பதியாத ஒன்றை "நினைச்சுப் பாருங்கோ" என்று வற்புறுத்துவதால் இருவருக்கும் நோவு மட்டுமே மிஞ்சும்.

டொனெபெசில், மெமன்டின் போன்ற மருந்துகள் சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கின்றன, நோயை மாற்றுவதில்லை. இதை வைத்தியரிடம் நேரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாறிவிடும் என்று ஒவ்வொரு கிளினிக்கிற்கும் எதிர்பார்ப்போடு போய் ஒவ்வொரு முறையும் உடைந்து திரும்புவது, பராமரிப்பவரின் பலத்தை வெகுவாகத் தின்றுவிடும். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓரிரு நாளுக்குள் நோயாளி திடீரென்று குழம்பிப் போனால், அது நோய் முற்றியதாக இருக்க வேண்டியதில்லை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் குறைதல் ஆகியவையும் அப்படிச் செய்யும். அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பழி வரும்போது

எங்கள் வீட்டில் சங்கிலிதான் தொடக்கம். அம்மா தன் சங்கிலியைக் கழற்றிச் சுருக்குப்பையில் போட்டு, சுருக்குப்பையை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்துவிட்டார். பின்னேரம் குசினி வாசலில் நின்று, அயலட்டை கேட்கும்படியாக, "நீதான் எடுத்தனி. வேறை ஆர் இந்த வீட்டிலை இருக்கினம்? பெத்த தாயிட்டையே களவெடுக்கிறியே" என்றார். நான் அழுதேன், சத்தியம் செய்தேன், பிறகு சத்தம் போட்டேன். சங்கிலி மூன்றாம் நாள் அரிசி அளக்கும்போது கொத்துப் பேணிக்குள் வந்தது. அதை அவரிடம் காட்டியபோது, தான் பழி சொன்னதையே அவர் மறந்திருந்தார்.

பிற்காலத்தில்தான் ஒரு செய்தியை வாசித்தேன். 1901இல் ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் வைத்தியர் அலொய்ஸ் அல்சைமர் பார்த்த ஓகஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டே 1906இல் இந்த நோய் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. அந்தப் பெண்ணிடம் தொடக்கத்தில் தென்பட்ட மாற்றங்களுள் ஒன்று கணவன்மீது கொண்ட காரணமற்ற சந்தேகம். முதல் நோயாளியின் கணவரும் என்னைப்போலத்தான் பழி சுமந்திருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு ஏதோ ஒரு பாரம் இறங்கியது. பொருள் காணாமற்போய்விட்டது, வைத்த இடம் மனத்தில் பதியவில்லை. ஆகவே யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அந்த மூளை இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. அப்போது பக்கத்தில் நிற்பவர் யாரோ அவர்தான் கள்வர். கூடவே இருந்து பார்ப்பவருக்கே அதிகம் பழி விழுவது இதனால்தான்.

அந்த வேளையில் வழக்காடாதீர்கள். "காணேல்லை எண்டால் பயமாத்தான் இருக்கும் அம்மா, வாங்கோ ரெண்டு பேருமாத் தேடுவம்" என்று சொல்லிக் கையைப் பிடித்து நடக்கத் தொடங்குங்கள். அவர் வழக்கமாக ஒளிக்கும் இடங்களை நினைவில் வைத்திருங்கள். தலையணை உறை, லாச்சியின் பின்பக்கம், அரிசி வாளி என்று அவை நாலைந்துக்கு மேல் இராது. பெறுமதியான நகையைப் பத்திரப்படுத்திவிட்டு, அதே தோற்றத்தில் ஒரு கவரிங் சங்கிலியை அவரிடம் கொடுங்கள். அயலவருக்கு ஏற்கெனவே சொல்லி வையுங்கள். "அம்மாவுக்கு மறதி நோய், மூளையிலை வாற வருத்தம். என்னைக் கள்ளி எண்டும் சொல்லுவா, குறை நினையாதேங்கோ" என்ற இந்த வசனங்களை நான் கண்ணாடியின்முன் நின்று சொல்லிப் பழகினேன். தெருக்கோடிக் கடைக்காரருக்கும் ஓட்டோக்காரத் தம்பிக்கும் சொன்னேன். சொன்ன நாளிலிருந்து வெட்கம் பாதியாகக் குறைந்தது. அம்மா ஒருநாள் படலையைத் திறந்துகொண்டு போனபோது திருப்பிக் கூட்டிவந்ததும் அந்தத் தம்பிதான்.

பொழுது சாயும் நேரம்

இந்த நோயாளர் பலருக்குப் பின்னேரத்தில் பதற்றம் கூடும். யாழ்ப்பாணத்தில் அந்தப் பதற்றம் எங்கள் வரலாற்றையும் சேர்த்துக் கொண்டுவருகிறது என்பதை வெளியிடத்துக் கையேடுகள் சொல்வதில்லை. புதிய நினைவுகள் அழிய, பழையவை மேலெழும்புகின்றன. போரின்போது 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த இரவு, என் அம்மாவுக்கு 2016இல் மறுபடி வந்தது. அதன்பின் பல மாதங்களுக்குப் பொழுது சாயும் வேளைகளில் வந்துகொண்டே இருந்தது. இரண்டு சேலை, அப்பாவின் படம், ஒரு பேணி அரிசிமா ஆகியவற்றைத் தலையணை உறைக்குள் அடைத்து முடிந்துகொண்டு விறாந்தையில் நிற்பார். "வெளிக்கிடு பிள்ளை. எல்லாரும் போயிட்டினம். பிந்தினால் நாவற்குழிப் பாலத்தாலை போகேலாது."

சண்டை முடிந்துவிட்டது என்று முதலில் விளக்கினேன். விளக்கம் அவருடைய பயத்தைக் கூட்டியது, ஏனென்றால் ஆபத்து தெரியாத ஒருத்தியோடு தான் அகப்பட்டிருப்பதாக அவர் எண்ணினார். பிறகு, "ஓமம்மா, நானும் எல்லாத்தையும் கட்டிப்போட்டன். இப்ப இருட்டாக் கிடக்கு, விடியப் போவம். தேத்தண்ணி குடிச்சிட்டுச் சரியுங்கோ" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். மூடையை அவருடைய கட்டிலின் கீழ் அவர் பார்க்கவே வைப்பேன். அதைப் பார்த்தால் படுப்பார். இதைப் பொய் என்று உறுத்திக்கொள்ள வேண்டாம். அவர் எந்த ஆண்டில் நிற்கிறாரோ அந்த ஆண்டில் நின்று பதில் சொல்கிறோம். செத்துப்போன அப்பாவைத் தேடும்போதும் இப்படியே நடந்துகொள்ளுங்கள். "அப்பா செத்திட்டார்" என்று சொன்னால் அவருக்கு அது ஒவ்வொரு நாளும் புதிய மரணம். "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டால் சைக்கிள் கதை வரும்.

சூரியன் விழுவதற்கு முன்பே விளக்குகளைப் போடுங்கள். கோவில் திருவிழா வெடி, தீபாவளி வெடி எப்போது என்று முன்னரே அறிந்து, அந்த நேரத்தில் யன்னலைச் சாத்தி வானொலியையோ தேவாரத்தையோ போட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

இதில் பராமரிப்பவருக்கு ஒரு தனிச் சுமை உண்டு. அந்த இரவில் நானும் நடந்தவள். அம்மா மூடை கட்டும் பின்னேரங்களில் என் நெஞ்சும் படபடக்கும். மழை, சேறு, தொலைந்துபோன செருப்பு எல்லாம் திரும்பி வரும். இது பலவீனம் என்று நான் ஒளித்து வைத்திருந்தேன். உங்களுக்கும் அப்படி இருந்தால், நோயாளியின் கிளினிக்கில் உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். யாழ். போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையாளர்களும் பலர் உள்ளனர். ஓர் உளவளத்துணையாளரிடம் நான் பேசிய நாலு சந்திப்புகளில், அம்மாவைப் பற்றி ஒன்று, 1995ஐப் பற்றி மூன்று.

கை ஓங்கும் அந்த நிமிடம்

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதாவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஒரு வெள்ளிக்கிழமை கிணற்றடியில் அம்மா குளிக்க மறுத்து என் கன்னத்தில் அடித்தார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன், தேவைக்கு மேல் இறுக்கி. அடுத்த நாள் காலை அந்தத் தோலில் நாலு விரல் அடையாளம் நீலமாக இருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்து, "இது என்ன பிள்ளை, எங்கை அடிபட்டது?" என்று என்னிடமே கேட்டார்.

கோபம் வருவதால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. நித்திரை இல்லாத உடம்பு அப்படித்தான் பதில் சொல்லும். ஆனால் கோபம் கைக்கு வருமுன் அதைப் பிடிக்க வேண்டும். எனக்கு முதலில் பல் இறுகும், பிறகு குரல் உயரும். உங்களுக்கு எது முதல் அடையாளம் என்று கவனித்து வையுங்கள். அது வந்தவுடன் செய்யும் வேலையை விட்டுவிடுங்கள். நோயாளியைக் கதிரையில் இருத்தி, அடுப்பு அணைந்திருக்கிறதா, படலை பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவருடைய கண்ணுக்கு மறைவாக ஐந்து நிமிடம் போய் நில்லுங்கள். முகத்தைக் கழுவுங்கள். அழைப்பதற்கென்று ஒரே ஒரு தொலைபேசி இலக்கத்தை முன்னரே தீர்மானித்து வையுங்கள். அந்த ஆள் அறிவுரை சொல்லாமல் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எனக்கு அது முன்னர் கூடப் படிப்பித்த ஒரு ரீச்சர். குளிப்பு ஒருநாள் தவறினால் ஒன்றும் குடி முழுகாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். நாங்கள் வெள்ளிக்கிழமை முழுக்கைக் கட்டாயமாக நினைத்தோம், அம்மாவின் மூளை அதை எப்போதோ மறந்துவிட்டது. வெயில் ஏறிய பத்து மணிக்கு வெந்நீருடன் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார் என்பதைப் பின்னர்தான் கண்டேன்.

கோபித்துவிட்டால், நடந்ததை அவர் மறப்பார், ஆனால் அதனால் வந்த கலக்கம் மறதியையும் தாண்டி நெடுநேரம் நிற்கும். ஆகவே மன்னிப்பைச் சொல்லால் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். பக்கத்தில் இருந்து தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிடுங்கள். அது அவருக்கும் போய்ச் சேரும், உங்கள் கைக்கும் ஓர் ஆறுதல். அடிப்பதோ இழுப்பதோ இரண்டாம் தரம் நடந்தால், மூன்றாம் தரத்திற்குக் காத்திராமல் வைத்தியரிடம் உள்ளபடி சொல்லி, சில நாட்களுக்கேனும் வேறொருவர் பொறுப்பெடுக்க ஒழுங்கு செய்யுங்கள்.

கோபத்தின் வேர் பெரும்பாலும் நித்திரைக் குறைவு. நித்திரைக் குறைவின் வேர் பெரும்பாலும் பயம். கட்டுக் கிணறு திறந்து கிடக்கும் வளவில் எந்த மகள் கண்ணை மூடுவாள்? நாங்கள் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டினோம், படலையில் மணி கட்டினோம், கதவுக் கொளுக்கியைக் கைக்கெட்டாத உயரத்தில் மாற்றினோம், இரவில் காஸ் சிலிண்டரை மூடித் திறப்பை ஒளித்தோம், உடுப்பில் என் தொலைபேசி இலக்கத்தைத் தைத்தோம். மொத்தமாக இரண்டு நாள் வேலை. அதன் பிறகுதான் தொடர்ந்து நாலு மணித்தியாலம் தூங்கினேன்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரர்கள்

என் மூத்த அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் வந்து நின்றார். வந்தவரைக் கண்ட உற்சாகத்தில் அம்மா பட்டுச்சேலை கட்டி, ஊர்ப்புதினம் கேட்டு, சிரித்துப் பேசினார். "அம்மா நல்லாத்தானே இருக்கிறா, நீ ஏன் இப்பிடிக் கஷ்டம் எண்டு சொல்லுறாய்?" என்று அண்ணா கேட்டபோது நான் அந்த இடத்திலேயே சுருங்கிப் போனேன். விருந்தினர் முன்னால் நோயாளர் சிறிது நேரம் தெளிவாக நடந்துகொள்வது பல வீடுகளிலும் நடப்பதுதான். ஆகவே வெளிநாட்டிலிருந்து வரும் சகோதரரிடம் வாதாடாமல், இரண்டு இரவு நோயாளியை அவரிடமே ஒப்படைத்துவிட்டு வேறு வீட்டில் போய்ப் படுங்கள். என் அண்ணாவுக்கு ஒரே இரவு போதுமாக இருந்தது.

வர முடியாதவர்களுக்கு ஒரு கொப்பி வேண்டும். ஒரு வாரம், மணிக்கு மணி, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்: "12.40 எழும்பினா, மூத்திரம், பாய் மாற்றினேன். 2.15 அப்பாவைத் தேடினா." உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கில், இந்த நோயாளர்களைச் சம்பளமின்றிப் பார்ப்பவர்கள் சராசரியாக நாளுக்கு 5 மணித்தியாலம் செலவிடுகிறார்கள், அந்த மணித்தியாலங்களில் 70 வீதம் பெண்களுடையது. என் கொப்பியில் 14 வந்தது. பக்கங்களைப் படம் எடுத்து வட்சப் குழுவில் போட்டேன். "உதவி செய்யுங்கோ" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் அனுதாபப்படுவார்கள், பணத்தையும் ஒருவேளை அனுப்புவார்கள், மற்றபடி எதுவும் மாறாது. ஆகவே ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்றைக் குறித்துக் கேளுங்கள். அண்ணாவிடம் கிழமைக்கு மூன்று பின்னேரம், இரண்டிலிருந்து ஐந்து மணிவரை ஒரு பெண்ணை வைத்திருக்கச் சம்பளம் கேட்டேன். தங்கச்சியிடம் நாளும் நாலு மணிக்கு வீடியோவில் வந்து அம்மாவோடு பழைய பாட்டுப் பாடச் சொன்னேன்; லண்டனில் அது கோடையில் பகல் பதினொன்றரை, குளிர்காலத்தில் பத்தரை, அவளுக்கு வேலை இடைவேளை. மின் கட்டணம், காணி உறுதி, வங்கிக் கையொப்பம் ஆகியவற்றை, நோயாளிக்குத் தெளிவு இருக்கும் தொடக்கத்திலேயே சட்டத்தரணியை வைத்துத் தீர்த்துவிடுங்கள்.

சம்பளத்துக்கு ஆள் வைக்க இயலாதவர்கள், பிரதேச செயலகத்தில் முதியோர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரிடமும் கிராம சேவையாளரிடமும் நிலைமையைப் பதிந்து வைக்கலாம். ஊரில் இன்னொரு வீட்டிலும் இதே நோய் இருக்கும், தேடினால் கிடைக்கும். இரண்டு வீட்டாரும் கிழமையில் ஒரு பின்னேரம் மாறி மாறி இரு நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படிக் கிடைக்கும் மூன்று மணித்தியாலத்தில் உடுப்புத் தோய்க்காதீர்கள். நான் முதல் இரண்டு மாதமும் அதைத்தான் செய்தேன். வீட்டை விட்டு வெளியே போங்கள். எனக்கு நூலகம் போதும். பத்திரிகை வாசிக்காவிட்டாலும் அந்த மேசையில் தலையைச் சாய்த்து இருந்துவிட்டு வருவேன்.

எட்டுச்செலவு இல்லாத துக்கம்

ஒருவர் இறந்தால் எங்களிடம் முறை இருக்கிறது. செத்தவீட்டுக்கு ஊர் வருகிறது, எட்டுச்செலவு நடக்கிறது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போகிறோம், அயலவர் சோறு கொண்டுவருகிறார்கள். அழுவதற்கு இடமும் நாளும் உண்டு. உயிரோடு இருக்கும் ஒருவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பவருக்கு இவை எதுவும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். ஆள் இருக்கிறார், ஆனால் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளுக்கும் அவர் இதே பெயரைத்தான் தருகிறார். காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய்மாரை இங்கே நாங்கள் அறிவோம். அவர்களுக்கு அழ உரிமை உண்டென்றால் உங்களுக்கும் உண்டு.

அம்மா என் பெயரை மறந்த நாள் எனக்குத் திகதியோடு நினைவிருக்கிறது. அன்றிலிருந்து என்னை "அக்கா" என்று கூப்பிட்டார். சிறுவயதில் தன்னைத் தூக்கி வளர்த்த மூத்த சகோதரி என்று நினைத்தார். முதல் வாரம் "நான் உங்கடை மகள்" என்று திருத்தினேன். பிறகு ஒருநாள் "ஓம் பிள்ளை" என்றேன், அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அன்றிரவு கொப்பியின் பின்பக்கத்தில், நான் இழந்தவற்றை எழுதத் தொடங்கினேன்: அவர் கையால் வைக்கும் ஒடியல் கூழ், என் பிறந்தநாளை நினைவு வைத்திருந்த ஒரே ஆள், பிழை செய்தால் ஏசும் குரல். நீங்களும் எழுதுங்கள். ஒவ்வொன்றாக, அது போன நாளிலேயே அழுதுவிடுங்கள். சேர்த்து வைத்தால் அது உடம்பில் வருத்தமாக வரும்.

உங்களுக்கே நோய் வந்திருக்கிறதா

ஸ்டீவன் சரிட் என்ற அமெரிக்க உளவியலாளர் பராமரிப்பவரின் சுமையை அளப்பதற்கு உருவாக்கிய, 22 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். உறவினரின் நடத்தையால் வெட்கப்படுகிறீர்களா, அவர் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்பவையும் அந்தக் கேள்விகளில் உண்டு. நீங்கள் வெளியே சொல்லக் கூசும் உணர்வுகள், வைத்தியர்கள் எதிர்பார்த்துக் கேட்கும் உணர்வுகள்தான். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும் மனம் இருண்டு கிடந்தால், நோயாளி தூங்கியும் உங்களுக்கு நித்திரை வராவிட்டால், சாப்பாடு மண்ணாக இருந்தால், அது சோர்வைத் தாண்டிய நோய். அதற்கு மருந்தும் உண்டு. செத்துப்போனால் நல்லது என்றோ, இருவரும் சேர்ந்து போய்விடலாம் என்றோ ஒரு நினைப்பு வந்தால், விடியும்வரை காத்திராதீர்கள். இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். "விசர் எண்டு கதைப்பினம்" என்று தயங்கித் தயங்கியே நான் ஏழு மாதம் பிந்தினேன்.

ஏலாத கட்டத்தில் கைதடியில் இருப்பது போன்ற முதியோர் இல்லமோ, முழுநேரப் பணியாளரோ தேவைப்படலாம். "கைதடியிலை கொண்டுபோய் விட்டிட்டினம்" என்ற ஊர்க்கதைக்குப் பயந்து, இருவருடைய உயிரையும் தேய்க்காதீர்கள். அங்கே விட்ட பிறகும் கிழமையில் மூன்று நாள் போய் ஊட்டிவிட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தூக்குவதும் துடைப்பதும் வேறொருவர் கைக்குப் போனபின்தான் அவர்களால் திரும்பவும் மகளாக, மகனாகப் பக்கத்தில் இருக்க முடிகிறது.

எல்லாம் முடிந்த பிறகு வரும் நிம்மதிக்கும் ஆயத்தமாக இருங்கள். அம்மா போன அன்று எனக்கு முதலில் வந்தது நிம்மதி; அதன் பின்னாலேயே குற்ற உணர்வு வந்தது. இரண்டும் ஒன்றாகவே வரும். மாதக்கணக்காக 12.40க்கு விழிப்பு வரும், கால் தானாக அவருடைய அறைக்குப் போகும். அதை மறிக்காமல் போய் விளக்கைப் போட்டு, கட்டிலில் சிறிது நேரம் இருந்துவிட்டு வாருங்கள். சம்பளத்துக்கு வந்த பெண்ணை உடனே நிறுத்திவிடாதீர்கள். நான் மேலும் இரண்டு மாதம் வரச்சொன்னேன். கிழமைக்கு மூன்று பின்னேரம் அவர் வந்து, வேலை ஒன்றும் இல்லாமல், என்னோடு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். அம்மா அவரிடம் சொல்லிய கதைகள் சில எனக்குத் தெரியாதவை.